பிள்ளைகளின் மொழி ஆய்வும் நம் வீட்டுப் பழைய பெட்டியும்

கல்வி உதவி கேட்டு வரும் விண்ணப்பங்களில், கடைசிப் பருவத்தில் படிக்கும் பிள்ளைகள் எழுதும் ஒரு வரி அடிக்கடி நம் கண்ணில் படுகிறது: 'பிராஜெக்ட் செலவுக்கு'. என்ன ஆய்வு, எதைப் பற்றி என்று கேட்டால் பலரிடம் தெளிவான பதில் இல்லை. தட்டச்சுக்கு இவ்வளவு, பைண்டிங்குக்கு இவ்வளவு என்ற கணக்கு மட்டும் தெளிவாக இருக்கிறது. ஆயத்தமாக விற்கும் ஆய்வேட்டை வாங்கி, அட்டையில் தங்கள் பெயரைப் போட்டுக் கொடுத்துவிடும் பிள்ளைகளும் உண்டு என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஆய்வு என்றால் என்ன, அதை எங்கே தொடங்குவது என்று வீட்டில் யாரும் சொல்லித் தராதபோது பிள்ளைகள் வேறு என்ன செய்வார்கள்?

தமிழோ ஆங்கிலமோ அரபியோ மொழியியலோ படிக்கும் பிள்ளைகளுக்காகவும், அவர்களைவிட அதிகமாக அவர்களுடைய பெற்றோர்களுக்காகவும் இதை எழுதுகிறோம். நாம் சொல்ல வருவது ஒன்றுதான். மொழி ஆய்வுக்குத் தேவையான நல்ல சரக்கு நம் வீடுகளிலேயே இருக்கிறது. ஒரு பங்கு பெரியவர்களின் வாயில் இருக்கிறது. இன்னொரு பங்கு பரணிலும் தகரப் பெட்டியிலும் இருக்கிறது. இரண்டும் நாளுக்கு நாள் குறைந்து வருகின்றன. பிள்ளைகளின் ஆய்வுக்கு வீட்டார் கைகொடுத்தால் மதிப்பெண்ணும் வரும், போகிற பொருளும் ஓரளவு தங்கும்.

முதலில் தலைப்பு. 'இஸ்லாமியத் தமிழ் இலக்கியம் - ஓர் ஆய்வு' என்று ஒரு பிள்ளை தலைப்பு எடுத்து வந்தால், இது ஒரு பருவத்தில் முடிகிற வேலையில்லை என்று உடனே சொல்லிவிட வேண்டும். பேராசிரியர் மு. உவைஸ் அவர்களும் பீ.மு. அஜ்மல்கான் அவர்களும் சேர்ந்து இஸ்லாமியத் தமிழ் இலக்கிய வரலாற்றை எழுதியபோது அது பல தொகுதிகளாக விரிந்தது. அதுவும் உவைஸ் அவர்கள் பல்லாண்டுகள் இந்தத் துறையிலேயே உழைத்த பிறகு. 1572-இல் இயற்றப்பட்ட ஆயிர மசலா என்ற ஒரு நூலைப் பற்றி மட்டுமே ஒருவர் வாழ்நாள் முழுதும் படிக்கலாம். மூன்று நான்கு மாதம் கையில் உள்ள பிள்ளைக்குத் தேவை தலைப்பு அல்ல, ஒரு கேள்வி. அந்தக் கேள்விக்கு ஆம் என்றோ இல்லை என்றோ, இத்தனை பேர் இப்படி, இத்தனை பேர் அப்படி என்றோ பதில் கிடைக்க வேண்டும். பதில் என்னவாக இருக்கும் என்பது முன்கூட்டியே தெரிந்திருக்கவும் கூடாது.

இதற்கு நல்ல உதாரணம் ஓர் அமெரிக்க மாணவர். வில்லியம் லபோவ் என்பவர் நியூயார்க்கில் முதுகலை படித்தபோது 1961-இல் மார்த்தாஸ் வினியார்ட் என்ற சிறிய தீவுக்குப் போனார். மீன்பிடித் தொழில் தேய்ந்து, கோடைகாலத்தில் வெளியூர்ப் பணக்காரர்கள் வந்து குவியும் இடம் அது. அந்தத் தீவுக்காரர்கள் இரண்டே இரண்டு உயிரொலிகளை எப்படி உச்சரிக்கிறார்கள் என்பதுதான் அவர் எடுத்துக்கொண்ட கேள்வி. 69 பேரிடம் பேசிப் பதிவு செய்தார். இளையவர்களில் சிலர் பழைய மீனவர் உச்சரிப்பிலும், சிலர் வெளியூர் உச்சரிப்பிலும் பேசினார்கள். வயதும் படிப்பும் மட்டும் அதற்குக் காரணமாகத் தெரியவில்லை. தீவிலேயே இருந்து வாழ்வது என்று முடிவு செய்தவர்கள் பெரியவர்களைப் போலப் பேசினார்கள். ஊரைவிட்டுப் போகும் எண்ணம் உள்ளவர்கள் அப்படிப் பேசவில்லை. இரண்டு ஒலிகளைப் பிடித்துக்கொண்டு போன மாணவர், ஓர் ஊரின் மனத்தையே கண்டுவிட்டார். சமூக மொழியியல் என்ற துறை வளர்ந்ததில் இந்தச் சிறு ஆய்வுக்குப் பெரிய பங்கு உண்டு.

இதைப் படிக்கும்போது காரைக்கால்காரர்களான நமக்கு ஒன்று தோன்றாமல் இருக்காது. நம் ஊரில் ஒரே வீட்டில் ஒருவர் வளைகுடாவில், ஒருவர் பிரான்சில், ஒருவர் கடைத்தெருவில். அதற்கு முந்தைய தலைமுறையில் சைகோனும் பினாங்கும் சிங்கப்பூரும். சைகோன் நகரின் நடுவே 1935-இல் எழுந்த பள்ளிவாசலைக் கட்டியவர்கள் தென்னிந்திய முஸ்லிம்கள். போனவர்களின் பேச்சும் இருந்தவர்களின் பேச்சும் ஒன்றாகவா இருக்கிறது? திரும்பி வந்தவர்கள் எந்தச் சொல்லைக் கொண்டுவந்தார்கள், எதை விட்டுவிட்டார்கள்? இவற்றுக்கு யாரும் பதில் சொல்லித் தர முடியாது. கேட்டுத்தான் அறிய வேண்டும்.

இப்படி ஒரு கேள்வியை நடைமுறையில் எப்படி அமைப்பது என்று பார்ப்போம். எட்டு வீடுகளை எடுத்துக்கொள்ளலாம். ஒவ்வொரு வீட்டிலும் பாட்டி, மகள், பேத்தி என்று மூன்று பேர். ஆக 24 பேர். நாற்பது சொற்கள் போதும். உறவுமுறைச் சொற்கள் பத்து, சமையலறைச் சொற்கள் பத்து, மார்க்கச் சொற்கள் பத்து, பிரெஞ்சு ஆட்சி விட்டுப்போன சொற்கள் பத்து. ஒவ்வொரு சொல்லையும் மூன்று தலைமுறையில் யார் சொல்கிறார்கள், யார் கேட்டுப் புரிந்துகொள்கிறார்களே தவிரச் சொல்வதில்லை, யாருக்குத் தெரியவே இல்லை என்று ஒரு பட்டியல் போட்டாலே அது ஆய்வின் முதுகெலும்பாகிவிடும். ஒரு சொல்லைப் புரிந்துகொள்வது வேறு, தானாக எடுத்துச் சொல்வது வேறு என்பதைப் பிள்ளைகள் கவனிக்க வேண்டும். ஒரு சொல் வீட்டைவிட்டுப் போவதற்கு முன்னால் நிற்கும் வாசற்படி அந்த நடுத் தலைமுறைதான்.

உறவுமுறையை எடுத்தால் சரக்குக்குக் குறைவே இல்லை. நாகூர், காரைக்கால் பக்கம் அண்ணன் என்றால் 'நானா'. காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் 'காக்கா'. இலங்கையிலும் இதே பிரிவு கடல்தாண்டி நிற்கிறது: மேற்குப் பக்கம் பெரும்பாலும் நானா, கிழக்கு மாகாணத்தில் காக்கா. அங்கே பல ஊர்களில் அக்காவைத் 'தாத்தா' என்று கூப்பிடுவார்கள். இங்கிருந்து சம்பந்தம் செய்துகொண்டு போன குடும்பங்களில் முதல் வாரம் சிரிப்புக்குக் குறைவிருந்திருக்காது. தந்தையை வாப்பா என்பவர் யார், அத்தா என்பவர் யார், இப்போது டாடி என்பவர் யார்? திருமணமாகி வந்த மருமகள் தன் ஊர்ச் சொல்லை வைத்துக்கொள்கிறாளா, மாமியார் வீட்டுச் சொல்லுக்கு மாறிவிடுகிறாளா? பிள்ளைகள் யாருடைய சொல்லைப் பிடித்துக்கொள்கிறார்கள்? இந்தக் கடைசிக் கேள்வி ஒன்றே ஓர் ஆய்வேட்டுக்குப் போதும்.

சமையலறைக்குள் போனால் 'ஆணம்' இருக்கிறது, 'பசியாறுவது' இருக்கிறது. ஆணம் என்பது பழைய தமிழ்ச் சொல். மற்றவர்கள் குழம்பு என்று மாறிக்கொண்டபோது நம் வீடுகள் அதை விடாமல் வைத்திருக்கின்றன. மார்க்கச் சொற்களிலும் இதே வியப்பு உண்டு. தொழுகை, நோன்பு, பள்ளிவாசல், பெருநாள் எல்லாம் தமிழ். பாங்கு என்பது பாரசீகம். மௌத்து, கபுரு அரபி. எந்த இடத்தில் எந்த மொழி வந்து உட்கார்ந்திருக்கிறது என்று பார்ப்பது சுவையான வேலை. இதில் ஒரு போக்கையும் பார்க்கலாம். பெரியவர்கள் நோன்பு என்று சொல்லும் இடத்தில் இளையவர்கள் சிலர் இப்போது அரபிச் சொல்லையோ ஆங்கிலச் சொல்லையோ வைக்கிறார்கள். அது சரியா தவறா என்பது ஆய்வாளரின் வேலையில்லை. எத்தனை பேர், எந்த வயதினர், யாரிடம் பேசும்போது என்பதுதான் அவர் வேலை.

பிரெஞ்சுச் சொற்களுக்கு அதிகம் விளக்கம் வேண்டாம். 1739-இல் தொடங்கிய ஆட்சி 1954 நவம்பர் 1-இல் கைமாறி, 1962 ஆகஸ்ட் 16-இல் சட்டப்படியும் முடிந்தது. கொம்யூன் பஞ்சாயத்து இன்றும் இருக்கிறது. சொல்தா, மேரி, எத்தா சிவில் போன்ற சொற்கள் எழுபது வயதுக்கு மேற்பட்டவர்களின் பேச்சில் எவ்வளவு மிச்சம் என்று இப்போதே கேட்டுவிட வேண்டும். இன்னும் பத்து ஆண்டு கழித்துக் கேட்க ஆள் இருக்காது.

கேட்கும் முறையில்தான் பல பிள்ளைகளின் ஆய்வு கெட்டுப்போகிறது. கையில் நோட்டை விரித்து வைத்துக்கொண்டு, "நீங்க ஆணம்னு சொல்வீங்களா, குழம்புன்னு சொல்வீங்களா?" என்று கேட்டால், பெரியவர்கள் எது மரியாதை என்று நினைக்கிறார்களோ அதைச் சொல்வார்கள். படித்த பிள்ளை முன்னால் புத்தகத் தமிழைப் பேசத் தொடங்கிவிடுவார்கள். இதைத் தாண்ட லபோவ் ஒரு தந்திரம் செய்தார். 1962-இல் நியூயார்க்கின் மூன்று பெரிய கடைகளுக்குப் போய், நாலாவது மாடியில் இருப்பதாகத் தனக்கு முன்பே தெரிந்த ஒரு பொருள் எங்கே கிடைக்கும் என்று ஊழியர்களைக் கேட்டார். அவர்கள் 'நாலாவது மாடி' என்று ஆங்கிலத்தில் சொல்லும்போது ரகரத்தை உச்சரிக்கிறார்களா, விழுங்குகிறார்களா என்பதே அவருக்குத் தேவை. காது கேட்காதவர்போல் மறுபடி கேட்டு, நிதானமாகச் சொல்லும்போது மாறுகிறதா என்றும் பார்த்தார். 264 பேரிடம் இப்படிக் கேட்டு, மறைவாக நின்று குறித்துக்கொண்டார். விலை உயர்ந்த கடையில் ரகரம் அதிகம், மலிவுக் கடையில் குறைவு.

சொல்லாமல் கேட்டுக் குறித்துக்கொள்ளும் அந்த வழியை நம் பிள்ளைகளுக்கு நாம் சிபாரிசு செய்யவில்லை. உறவினர் வீட்டில் அது நம்பிக்கைத் துரோகமாகப் போய்விடும். ஆனால் அதன் உள்பொருள் வேண்டும்: சொல்லைக் கேட்காதீர்கள், சொல் தானாக வரும்படி பேச்சைக் கேளுங்கள். "உங்க கல்யாணத்துக்கு எத்தனை நாள் விருந்து, என்னென்ன ஆக்கினாங்க?" என்று கேட்டுவிட்டு ஓரமாக உட்கார்ந்தால் சமையலறைச் சொற்கள் அத்தனையும் வரிசையாக வரும். மழைக்காலத்தில் வீடு எப்படி இருந்தது, சைகோனிலிருந்து கடிதம் வந்தால் யார் படித்துக் காட்டுவார்கள் என்றால் மற்றவை வரும். வராத சொற்களுக்கு மட்டும் கடைசியில் ஒரு படத்தையோ பாத்திரத்தையோ காட்டி, "இது என்ன?" என்று கேட்கலாம்.

நேரம் பார்த்துப் போக வேண்டும் என்பதை வெளியூர் நெறியாளர் சொல்லித் தரமாட்டார். ரமலான் பகலில் போகாதீர்கள். அஸருக்குப் பின் மஃரிபுக்கு முன் என்பது பல வீடுகளில் நல்ல நேரம். மின்விசிறியின் கீழே கைப்பேசியை வைத்தால் காற்றுத்தான் பதிவாகும். விசிறியை நிறுத்த மனமில்லாவிட்டால் கைப்பேசியைத் தள்ளி ஒரு துண்டின் மேல் வையுங்கள். ஒரு மணி நேரப் பேச்சை எழுத்தில் கொண்டுவர ஐந்தாறு மணி நேரமாவது ஆகும் என்பதையும் மறக்க வேண்டாம். 24 பேரிடம் ஆளுக்கு அரை மணி என்றால் 12 மணி நேரப் பதிவு. எழுதி முடிக்க மட்டும் 70 மணி நேரம் போகலாம். கடைசி வாரத்தில் உட்கார்ந்து முடிக்கும் வேலையல்ல அது.

எழுதும்போது திருத்தக் கூடாது. பாட்டி 'வந்தாக' என்றாரா 'வந்தாஹ' என்றாரா என்பதை அப்படியே எழுத வேண்டும். 'வந்தார்கள்' என்று எழுதிவிட்டால் ஆய்வு செய்ய அங்கே ஒன்றுமில்லை. நம் பேச்சு கொச்சை என்ற கூச்சம் பிள்ளைகளுக்கு இருக்கிறது. பள்ளிக்கூடத்தில் அப்படித்தான் சொல்லி வளர்த்திருக்கிறோம். கி. ராஜநாராயணன் அவர்களை நினைத்துக்கொள்ளலாம். பள்ளிப் படிப்பையே முடிக்காத கரிசல்காட்டு விவசாயி. தன் வட்டாரச் சொற்களைத் திரட்டி 1982-இல் ஓர் அகராதியாகவே வெளியிட்டார். பிற்பாடு புதுவைப் பல்கலைக்கழகம் அவரைப் பேராசிரியராக அழைத்துக்கொண்டது. புதுவை வட்டாரத்து நாட்டுப்புறக் கதைகளையும் திரட்டினார். மொழிகள் வெவ்வேறாக இருப்பதை இறைவனின் அத்தாட்சிகளில் ஒன்றாகச் சூரத்துர் ரூமின் 22ஆம் வசனம் சொல்கிறது என்பதை நம் பிள்ளைகளுக்கு நினைவூட்டினாலும் தகும்.

இனிப் பெட்டியைத் திறப்போம். நமக்கு அதிகக் கவலை இருப்பது இதில்தான்.

பல பழைய வீடுகளில் அரபு எழுத்தில் எழுதிய கையேடுகளும் கல்லச்சில் அடித்த புத்தகங்களும் உண்டு. தாள் பழுத்து, பூச்சி அரித்துப் போனதும், குர்ஆன் வசனமாக இருக்கும், காலில் படக்கூடாது என்ற பேணுதலால் அவற்றைத் துணியில் சுற்றி ஆற்றிலோ கடலிலோ விடுகிறோம், அல்லது மண்ணில் புதைக்கிறோம். எண்ணம் நல்லது. ஆனால் அரபு எழுத்தில் இருப்பதெல்லாம் அரபி மொழி அல்ல. அவற்றில் கணிசமானவை அரபுத் தமிழ். அர்வி என்றும் சொல்வார்கள். எழுத்து அரபு, மொழி தமிழ். மார்க்கச் சட்டம், மாலை, முனாஜாத்து மட்டுமல்ல, வைத்தியக் குறிப்பு, கடிதம், கொடுக்கல் வாங்கல் கணக்குகூட அதில் எழுதினார்கள். ஒருவருடைய பாட்டனார் தன் மனைவிக்கு எழுதிய கடிதம், குர்ஆன் தாள் என்று எண்ணப்பட்டு அரசலாற்றில் போயிருக்கலாம்.

எப்படிக் கண்டுபிடிப்பது? குர்ஆன் ஓதத் தெரிந்த ஒரு பிள்ளையை உட்கார வைத்து, மெதுவாக வாய்விட்டு வாசிக்கச் சொல்லுங்கள். காதில் தமிழ் விழுந்தால் அது அரபுத் தமிழ். சில எழுத்துகள் மட்டும் பிள்ளைக்குப் புதிதாக இருக்கும். அரபியில் பகரம் இல்லை, ஞகரம் இல்லை, டகர ணகர ளகரங்கள் இல்லை. அதனால் பக்கத்து ஒலியுள்ள அரபு எழுத்தில் கூடுதல் புள்ளி இட்டுப் புதிய எழுத்துகளை ஆக்கிக்கொண்டார்கள். ஃபே எழுத்தின் கீழே புள்ளி வைத்தால் பகரம். 28 அரபு எழுத்துகளோடு இப்படி 12 சேர்த்து 40 என்பது பொதுவாகச் சொல்லும் கணக்கு. எகர ஒகரக் குறிலுக்கும் தனிக் குறிகள் வைத்தார்கள். நம் முன்னோர் மட்டும் செய்த காரியமல்ல இது. மலையாள முஸ்லிம்களுக்கு அரபி மலையாளம், மலாய்க்காரர்களுக்கு ஜாவி. கடலோடிச் சென்ற நம்மவர்கள் இரண்டையும் பார்த்தவர்கள்தான்.

அரபுத் தமிழில் பெரிய ஆலிம்கள் எழுதியிருக்கிறார்கள். இமாமுல் அரூஸ் என்று போற்றப்படும் மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (ரஹ்) அவர்கள் (1816-1898) கீழக்கரையிலிருந்து எழுதிய நூல்கள் தமிழகத்திலும் இலங்கையிலும் வீடு வீடாக வாசிக்கப்பட்டன. அவர்களுடைய பத்ஹுத் தய்யான் மார்க்கச் சட்ட நூல். இந்த இலக்கியம் முழுவதையும் பற்றித் தைக்கா சுஐபு ஆலிம் அவர்கள் 1993-இல் ஆங்கிலத்தில் ஒரு பெருநூல் எழுதினார்கள். தலைப்பு எடுக்கும் பிள்ளை முதலில் புரட்ட வேண்டியது அது. முக்கியமான இன்னொன்று: தமிழ் எழுத்துப் படிக்க வாய்ப்பில்லாமல், குர்ஆன் ஓத மட்டும் கற்றிருந்த பெண்களுக்கு வாசிப்பின் கதவைத் திறந்துவிட்டது இந்த எழுத்துத்தான். ஆகவே இவற்றைப் பற்றி நினைவு வைத்திருப்பவர்கள் பெரும்பாலும் நம் வீட்டு மூதாட்டிகள்.

மொழி ஆய்வாளருக்கு இதில் ஒரு தனி லாபம் உண்டு. தமிழ் எழுத்தில் 'க' ஒன்றுதான்; அதை அழுத்திச் சொன்னார்களா மென்மையாகச் சொன்னார்களா என்று எழுத்தைப் பார்த்துத் தெரியாது. அரபு எழுத்தில் அப்படியல்ல, ஒலிக்கேற்ப வெவ்வேறு எழுத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். தமிழ் எழுத்துக்கூட்டல் பழகாத ஒருவர் அரபுத் தமிழில் எழுதும்போது தன் காதுக்குக் கேட்டபடி எழுதுகிறார். அவர் ழகரத்தை எந்த எழுத்தால் எழுதினார்? 'இருக்கிறது' என்பதை எப்படி எழுதினார்? பத்துப் பக்கக் கையேடு ஒன்றை எடுத்து இந்த இரண்டை மட்டும் எண்ணிப் பார்த்தால், நூறு ஆண்டுக்கு முன் ஒரு கடற்கரை வீட்டில் கேட்ட குரலின் சாயல் கிடைக்கும். ஒலிப்பதிவுக் கருவி இல்லாத காலத்து ஒலிப்பதிவு என்றே இதைச் சொல்லத் தோன்றுகிறது.

ஸ்பெயினில் நடந்தது ஒன்றைச் சொல்ல வேண்டும். அங்கே முஸ்லிம்களை 1609 முதல் நாடு கடத்தினார்கள். அதற்கு முன் அவர்கள் ஸ்பானிய மொழியை அரபு எழுத்தில் எழுதி ஒளித்து வைத்திருந்தார்கள். 1884-இல் அல்மொனாசித் என்ற ஊரில் ஒரு பழைய வீட்டை இடித்தபோது தரைப் பலகைக்கு அடியில் அப்படிப்பட்ட ஏடுகள் குவியலாகக் கிடைத்தன. ஊரார் பலவற்றை எரித்துவிட்ட பிறகுதான் விஷயம் தெரிந்தவர்கள் வந்து மீதியைக் காப்பாற்றினார்கள். அங்கே மொழி தெரியாமல் எரித்தார்கள். இங்கே நாம் மரியாதையால் தண்ணீரில் விடுகிறோம்.

ஆகவே பெற்றோர்களிடம் நாம் கேட்பது: வீட்டை இடிப்பதற்கு முன், பரணைச் சுத்தம் செய்வதற்கு முன், இப்படிப்பட்ட தாள்களை ஒருமுறை வாசிக்கத் தெரிந்தவரிடம் காட்டுங்கள். குர்ஆன் தாள் என்றால் ஆலிம்கள் சொல்லும் முறைப்படி செய்யுங்கள். அரபுத் தமிழ் என்றால் பிள்ளை அதைக் கைப்பேசியில் படம் எடுக்கட்டும்: பகல் வெளிச்சத்தில், ஃபிளாஷ் இல்லாமல், அட்டை முதல் கடைசிப் பக்கம் வரை வரிசை தவறாமல், வெற்றுப் பக்கத்தையும் விடாமல். அளவு தெரிய ஓர் அடிக்கோலைப் பக்கத்தில் வைக்கலாம். கிழிந்த இடத்தில் செலோ டேப் ஒட்டவே கூடாது; லாமினேஷன் அதைவிடக் கேடு. நம் ஊர் உப்புக்காற்றில் பிளாஸ்டிக் பையில் கட்டி வைத்தால் உள்ளேயே வேர்த்துப் பூஞ்சை பிடிக்கும். வெள்ளைப் பருத்தித் துணி நல்லது. 2004-இல் சுனாமித் தண்ணீரைப் பார்த்த ஊர் இது, பெட்டி தரையில் இருக்க வேண்டாம். மூலத்தை யார் கேட்டாலும் கைமாற்றிவிடாதீர்கள். பல்கலைக்கழகம், ஆவணக்காப்பகம் என்று எழுத்தில் ரசீது தருபவர்கள் வேறு. வாயால் கேட்டு வாங்கிப் போகிறவர்கள் வேறு.

எழுதி முடிக்கும் கட்டத்தில் ஒரே ஒரு விஷயத்தைத்தான் அழுத்திச் சொல்கிறோம். பிறர் எழுதியதைத் தன்னுடையதாகக் காட்டுவது. பல்கலைக்கழக மானியக் குழு 2018-இல் கொண்டுவந்த விதிகளின்படி, ஆய்வேட்டில் பிறர் எழுத்தோடு ஒத்துப்போவது 10 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். 60 சதவீதத்தைத் தாண்டினால் மாணவரின் பதிவே ரத்தாகலாம். ஆனால் விதிக்குப் பயந்து இதைச் சொல்லவில்லை. யார் யாரிடம் கேட்டார், அவர் யாரிடம் கேட்டார் என்று சங்கிலியை விடாமல் எழுதி வைத்த ஹதீஸ் கலை வல்லுநர்களின் வழி வந்தவர்கள் நாம். ஒரு சொல்லை எந்தத் தெருவில், எந்த வயதுப் பெண்மணியிடம், எந்தத் தேதியில் கேட்டேன் என்று குறிப்பது அதே ஒழுங்குதான். எதிர்பார்த்த பதில் வராவிட்டாலும் வந்ததை எழுத வேண்டும். எட்டு வீட்டில் ஏழு பேத்திகளுக்குப் பழைய சொல் தெரிந்திருந்தால், 'அழிந்து வருகிறது' என்று முதலில் போட்ட தலைப்பைத்தான் மாற்ற வேண்டும், கணக்கை அல்ல.

செலவு பெரிதாக ஒன்றுமில்லை. கைப்பேசி இருக்கிறது. ஒரு நோட்டு, பதிவுகளை இரண்டு இடத்தில் நகலெடுத்து வைக்க ஒரு பென்டிரைவ், பேருந்துக் கட்டணம், அச்சுச் செலவு. இவற்றுக்கு வரும் விண்ணப்பங்களோடு, பிள்ளையின் கேள்வி என்ன என்று ஒரே வரியில் எழுதித் தந்தால் முடிவெடுக்க நமக்கு எளிதாக இருக்கும்.

நம் பெண் பிள்ளைகளைப் பற்றி ஒரு வார்த்தை. வெளியூர்ப் பேராசிரியர் எவ்வளவு பெரியவராக இருந்தாலும் நம் வீட்டுக் கூடத்தைத் தாண்டி உள்ளே வர முடியாது. அடுக்களையில் உட்கார்ந்து பேசும் பேச்சு, தொட்டில் பாட்டு, கல்யாண வீட்டில் பெண்கள் பகுதியில் நடக்கும் கேலி எல்லாம் ஒரு பெண் பிள்ளைக்கு மட்டுமே கிடைக்கும். அவளை நாலு வீட்டுக்குப் போய்வர அனுமதிக்க வேண்டியது வாப்பாவும் உம்மாவும்தான். துணைக்கு ஒரு லாத்தாவோ மாமியோ போனால் இன்னும் நல்லது. பெரியவர்கள் அவர்களைப் பார்த்துத்தான் மனம்விட்டுப் பேசுவார்கள்.

அனுமதி விஷயத்தில் கறாராக இருக்க வேண்டும். பதிவு செய்யும் முன் மூன்று கேள்விகளைக் கேட்டு, பதிலை நோட்டில் எழுதிக் கையெழுத்தோ கைநாட்டோ வாங்கிக்கொள்ளட்டும். இந்தக் குரலை நெறியாளர் ஆணாக இருந்தால் அவர் கேட்கலாமா, அல்லது எழுத்தில் மட்டும் காட்டினால் போதுமா? பெயர் போடலாமா, வேண்டாமா? பதிவை ஆய்வு முடிந்ததும் அழித்துவிடுவதா, வீட்டாரிடம் கொடுப்பதா? பல பெண்கள் முதல் கேள்விக்கு 'வேண்டாம்' என்றுதான் சொல்வார்கள். அப்படியானால் எழுத்து மட்டும், அதில் பேரம் பேசக் கூடாது. மூன்றாவது கேள்வியைப் பெரியவர்களிடம் கேட்கத் தயங்குவார்கள், மௌத்தைப் பற்றிப் பேசுவது போலிருக்கும் என்று. ஆனாலும் கேட்டுவிட வேண்டும். தனக்குப் பின் தன் குரலை யார் கேட்கலாம் என்பதை அவரே சொல்லியிருந்தால், பிற்பாடு பேரனோ பேத்தியோ அந்தப் பென்டிரைவைத் தேடி வரும்போது கொடுப்பதா கூடாதா என்று வேறு யாரும் யோசிக்க வேண்டியதில்லை.